பாகூரில் கட்டிய வாடகை

1

அன்றைக்குப் பாகூரில் அந்த வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்:

முசே. பெயர் புருஷோத்தமன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்சன் வாங்குகிறவர். பாகூரில் அவரைச் சொல்தா, அதாவது சிப்பாய், என்பார்கள். நாங்கள் முசே என்போம். பிரான்சில் லெ மான் என்ற ஊரில் அவருக்கு ஒரு வீடு. அதன் மாடி அறையில் நான் இருக்கிறேன். குளிர் காலத்தில் அவர் மூன்று மாதம் ஊருக்கு வந்துவிடுவார்.

அவர் தங்கை கனகம்மா. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. வீடு அவருடையது.

கபிரியேல் சார். வில்லியனூர்க்காரர். கோர்ட்டில் பிரெஞ்சுக் காகிதங்களை மொழிபெயர்த்து ரிட்டயர் ஆனவர். இன்னார் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்று பென்சன்காரர்களுக்கு வருடா வருடம் சீட்டு எழுதுவதுதான் இப்போது அவர் வேலை.

என் தம்பி செல்வம். உறுவையாற்றில் நிலத்தைப் பார்க்கிறான். வாசற்படியிலேயே உட்கார்ந்தான். உள்ளே வா என்று இரண்டு முறை கூப்பிட்டும் வரவில்லை.

பிறகு நான். பிரான்சுக்குப் போய் இருபத்தொரு வருடம். படிப்பு எட்டாவது.

லெ மானில் நான் ஓர் அறையில் குடியிருக்கிறேன், அதற்கு வாடகை கொடுக்கிறேன் என்று ஒரு காகிதம் வேண்டும். அதை வாங்கத்தான் விமானம் ஏறி வந்தேன். அறை கொடுத்தவர், வாடகை வாங்கினவர், கொண்டுபோய்க் கொடுத்தவன், எழுதித் தரப் போகிறவர் எல்லாரும் பாகூரில் இருந்தார்கள். கேட்கிறவன் மட்டும் பிரான்சில் இருந்தான்.

2

ஊரில் இருப்பவர்களுக்கு இது விளங்காது. முதலிலிருந்து சொல்கிறேன்.

என் குடும்பம் பாரிசுக்குப் பக்கத்தில் சார்செல் என்ற ஊரில் இருக்கிறது. மனைவி ஒரு பள்ளிக்கூடத்தில் சாப்பாடு பரிமாறுகிற வேலை. மகள் லீனா, மகன் தீபன். நான் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற லாண்டரியில் இருந்தேன். வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. ஆறு வருடத்துக்கு முன்னால் அதை மூடிவிட்டு இயந்திரங்களை லெ மானுக்குக் கொண்டுபோனார்கள். இருநூறு கிலோமீட்டர். வருகிறவன் வரலாம், வராதவன் கணக்கை முடித்துக்கொள்ளலாம் என்றார்கள். நாற்பத்தாறு வயதில் எனக்கு வேறு யார் வேலை தருவார்கள். போனேன்.

குடும்பத்தையும் கூட்டிப் போயிருக்கலாமே என்று ஊரில் கேட்கிறார்கள். மனைவிக்கு அந்த வேலை கிடைக்கவே எட்டு வருடம் ஆனது. பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் அங்கேதான். அவர்கள் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. திங்கள் காலை ரயில் ஏறுவேன். வெள்ளி சாயங்காலம் திரும்புவேன்.

முசே மாடி அறையைக் காட்டினார். ஒரு கட்டில், ஒரு ஜன்னல், சாய்ந்த கூரை. நிமிர்ந்தால் தலை இடிக்கும். மாதம் பத்தாயிரம் ரூபாய் என்றார். யூரோவில் சொல்லவில்லை, ரூபாயில் சொன்னார்.

"எனுக்கு இங்க இன்னாத்துக்குக் குடுக்கற? எப்படியும் தங்கச்சிக்கு நான் மாசா மாசம் அனுப்பணும். உன் நெலம் அங்கதான கீது. உன் தம்பிய வுட்டு அது கையில குடுக்கச் சொல்லு. முடிஞ்சிது வேல."

எனக்கும் அது சரியாகப் பட்டது. என் பங்கு நிலத்தையும் செல்வம்தான் பயிர் வைக்கிறான். எனக்கு அவன் குத்தகை தர வேண்டும். அதை எனக்கு அனுப்பாமல் மாதா மாதம் பாகூரில் கொடு என்றேன். சரிண்ணா என்றான்.

காகிதம் எதுவும் எழுதவில்லை. அவர் பாகூர் கொம்யூன், நான் வில்லியனூர் கொம்யூன், ஒரே பக்கத்து ஊர்க்காரர்கள். அயலூரில் படுக்க இடம் கொடுத்தவரிடம் ரசீது கேட்டால் அவரைத் திருடன் என்று சொன்ன மாதிரி. தம்பியிடம் கேட்பது அதைவிட மோசம்.

3

போன வருடம் வரிப் படிவத்தை முதல் முறையாக லீனா போட்டாள். அதற்கு முன்னால் ஒரு குஜராத்திக்காரர் இருபது யூரோ வாங்கிக்கொண்டு போடுவார். வீட்டை விட்டுத் தூரத்தில் வேலை செய்கிறவன் அங்கே தங்குகிற வாடகையையும் ரயில் செலவையும் வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று லீனா கண்டுபிடித்தாள். ஐந்து வருடமாக அதை விட்டிருக்கிறோம் என்று கோபப்பட்டாள். அதற்கு முந்தின வருடத்துக் கணக்கில் பன்னிரண்டு மாத வாடகை என்று எழுதினாள். வரி குறைந்தது. வீட்டில் என்னை எல்லாரும் ஒரு வாரம் மரியாதையாகப் பார்த்தார்கள்.

டிசம்பரில் கடிதம் வந்தது. வாடகை ஒப்பந்தம், ரசீது, பணம் போன பாங்குச் சீட்டு, குடும்பம் ஏன் கூட வரவில்லை என்பதற்கு ஆதாரம். இரண்டு மாதத்துக்குள் அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் கழித்தது செல்லாது.

"ரசீது எங்கப்பா?" என்றாள் லீனா.

"இல்ல."

"பாங்குல அனுப்பினது?"

"பாங்குல அனுப்பல."

"அப்ப எப்படித்தான் குடுத்த?"

"ஊர்ல சித்தப்பா குடுத்துடறாரு."

"யாருக்கு?"

"முசேவோட தங்கச்சிக்கு."

அவள் அம்மாவைப் பார்த்துப் பிரெஞ்சில் என்னவோ சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "சித்தப்பாவ ஸ்கேன் பண்ணி அனுப்ப முடியாதுப்பா."

வரியோடு போயிருந்தால் நான் விட்டிருப்பேன். லீனாவுக்கு மருந்துப் படிப்பு. நாந்த் என்ற ஊரில் படிக்க வேண்டும். அங்கே தங்கிப் படிக்க அரசாங்கம் உதவித்தொகை தரும். அது அப்பா அம்மாவின் வருமானத்தைப் பார்த்துத் தருவது. அவர்கள் பார்க்கிறது இதே வருடத்து வரிச் சீட்டைத்தான். வாடகையைக் கழித்ததால் எங்கள் வருமானம் வரம்புக்குக் கொஞ்சம் கீழே நின்றது. லீனா ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினாள். பத்து மாத வாடகையையாவது ஒப்புக்கொண்டால் உதவித்தொகை உண்டு. அதற்குக் கீழே போனால் இல்லை. இல்லையென்றால் நாந்த் இல்லை. வீட்டிலிருந்து போய்வருகிற மாதிரி வேறு ஏதாவது படிக்க வேண்டும்.

"பன்னெண்டு மாசமும் குடுத்த இல்ல?" என்றாள்.

"குடுத்தேன்" என்றேன்.

4

வரி அலுவலகத்துக்கு நேரில் போனேன். நேரில் போனால் விளங்க வைத்துவிடலாம் என்று நினைத்தேன். நம்பர் சீட்டு வாங்கி இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். ஜன்னலில் ஒரு மதாம். நல்லவர்தான், சத்தம் போடவில்லை.

எனக்கு இரண்டு வீடு என்று ஆரம்பித்தேன். அது தப்பு. இரண்டு வீடு சொந்தமா என்று கேட்டார். இல்லை, ஒன்றில் குடும்பம், ஒன்றில் நான் என்றேன். பிரிந்து வாழ்கிறீர்களா என்றார். ஆமாம் என்றேன். லாண்டரிக்காகப் பிரிந்துதானே வாழ்கிறேன். அவர் வேறு ஒரு படிவத்தை எடுத்தார். விவாகரத்துப் படிவம் போல இருந்தது. இல்லை இல்லை என்று கையை ஆட்டினேன். பின்னால் நின்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள்.

வாடகையை எப்படிக் கட்டினீர்கள் என்றார். நிலம் கட்டுகிறது என்றேன். அதைத்தான் எனக்குச் சொல்ல வந்தது. எந்த நிலம் என்றார். இந்தியாவில் என் நிலம், தம்பி பயிர் வைக்கிறான், அவன் தரவேண்டியதை இன்னொருவர் தங்கையிடம் கொடுக்கிறான், அந்த இன்னொருவர் எனக்கு அறை கொடுத்திருக்கிறார் என்றேன். மதாம் பேனாவைக் கீழே வைத்தார். இந்தியாவில் நிலத்து வருமானம் இருக்கிறதா, அதை இத்தனை வருடமாகப் படிவத்தில் எழுதினீர்களா என்று கேட்டார்.

ஒரு காகிதம் கேட்டுப் போனவனுக்கு இரண்டு காகிதம் கொடுத்து அனுப்பினார்கள். ஒன்று நில வருமானத்துக்குப் படிவம். இன்னொன்றில், வாடகை வாங்கினவர் கையெழுத்து வேண்டும், மாதம் மாதமாக வேண்டும் என்று மதாம் எழுதிக் கொடுத்தார். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ரயிலுக்குப் போனேன்.

5

சின்ன வயதில் கரும்பு வெட்ட மடுகரைப் பக்கம் போவோம். ஒரு வெட்டுக்குப் போனால் இருபது நாள் அங்கேதான். படுக்க இடம், அரிசி, விறகு எல்லாம் கூப்பிட்ட மேஸ்திரி பொறுப்பு. நல்ல இடம் என்று சொல்லவில்லை. காய்ந்த கரும்புச் சோகையைப் பரப்பிப் படுப்போம், பாம்பு வரும். இடத்துக்கு யாரும் காசு கேட்டதில்லை, யாரும் கொடுத்ததில்லை. வேலைக்குக் கூப்பிட்டவன் இடம் தரவேண்டும், அவ்வளவுதான். லாண்டரிக்காரன் தூரத்துக்குக் கூப்பிட்டான், இடம் தரவில்லை. அரசாங்கம் வரியில் கழித்துக்கொள் என்கிறது. கழித்தால் ரசீது எங்கே என்கிறது.

லெ மானில் என் நாள் இது. விரிப்புகள் சூடாக வரும். இரண்டு பேர் முனை பிடித்து மடிக்க வேண்டும். எதிரே மாலி நாட்டுக்காரர் ஒருவர். ஆறு வருடமாக ஒரே விரிப்பின் இரண்டு முனையை நாங்கள் பிடிக்கிறோம், அவர் வீட்டில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. சாயங்காலம் அறைக்கு வந்து சோறு வைப்பேன். வீட்டுக்கு ஃபோன் போட்டால் தீபன் எடுப்பான். எல்லாம் சரி என்பான். வேறு பேச்சு இல்லை.

சார்செல் வீட்டில் சாப்பாட்டு மேசைக்கு நாலு நாற்காலி. என் நாற்காலியில் தீபன் பள்ளிக்கூடப் பை இருக்கும். வெள்ளிக்கிழமை நான் வந்ததும் எடுத்துத் தரையில் வைப்பான். ஒரு முறை திங்கட்கிழமை லீவு. காலையில் என்னைப் பார்த்து, "நீ இன்னும் போகலையா?" என்றான். தப்பாகக் கேட்கவில்லை. பையை வைக்க வந்திருந்தான்.

6

ஜனவரியில் லீவு போட்டு உறுவையாறு வந்தேன். டிக்கெட் விலையைச் சொல்லி மனைவி ஒரு நாள் பேசவில்லை. வந்த அன்றே பாகூர் போகலாம் என்றேன்.

"எதுக்குண்ணா நீ அலையணும்? நானே போயி வாங்கியாறன்" என்றான் செல்வம்.

"நான்தான் போவணும்."

"நாளைக்குத் தண்ணி கட்டணும்."

"நாளன்னிக்கி?"

"அந்தம்மாவுக்கு ஒடம்பு சரியில்லன்னாங்க."

முசேவுக்கு ஃபோன் போட்டேன். "நல்லாத்தான கீறா, கறிக்கொழம்பு வெச்சிக்கினு இருக்கறா" என்றார். செல்வத்தின் பைக்கில் பின்னால் உட்கார்ந்தேன். வில்லியனூரில் கபிரியேல் சாரை ஓர் ஆட்டோவில் ஏற்றினோம். பாகூர் வரைக்கும் செல்வம் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் அதிகம் பேசுகிறவன் இல்லை. அதனால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

7

கபிரியேல் சார் விளக்கினார். முசே ஒரு கடிதம்: இந்த அறை, இந்த வாடகை, என் தங்கை கையில் கொடுக்கச் சொன்னேன். கனகம்மா ஒரு கடிதம்: வாங்கினேன், இந்த இந்த மாதம்.

"நான் எதுக்கு எழுதணும்?" என்றார் முசே. "எழுதுனா அந்தப் பணத்துக்கும் என்கிட்ட வரி கேப்பான். ஏற்கனவே பென்சன்ல கைய வெச்சிக்கினு கீறான்."

"எழுதிக் குடுண்ணா. அது பொண்ணு படிக்கணுமாம்" என்றார் கனகம்மா.

"உனக்கு இன்னா தெரியும்? சும்மா இரு."

"பென்சன்ல புடிச்சான்னா நான் காப்பில சக்கரயக் கொறச்சிக்கறன். எழுது."

கபிரியேல் சார் சிரித்தார். முசே முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். பாதி வேலை முடிந்தது என்று நினைத்தேன். லீனாவுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். உடனே பதில் வந்தது, ஒரு கட்டைவிரல் படம்.

"உங்களுக்குத் தேதி ஞாபகம் இருக்குமாம்மா? தேதி போட்டா பலமா இருக்கும்" என்றார் கபிரியேல் சார்.

"ஞாபகம் எதுக்கு? எழுதி வெச்சிருக்கறன்."

சுவரில் ஆணியில் புதுக் காலண்டர். அதற்கு அடியில் போன வருடத்தது, அதற்கும் அடியில் முந்தின வருடத்தது. உரக்கடைக் காலண்டர். அடியில் இருந்ததுதான் வரிக்காரன் கேட்கிற வருடம்; அதை உருவித் தூசு தட்டிக் கொடுத்தார். பணம் வந்த தேதியில் நீலப் பேனாவால் வட்டம். பக்கத்தில் "உறுவையாறு" என்று எழுத்து. லீனா இதைப் பார்த்தால் கட்டிப்பிடித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். ஸ்கேன் பண்ணலாம்.

செல்வம் எழுந்து பைக்கைப் பார்க்கப் போனான்.

கபிரியேல் சார் ஒவ்வொரு தாளாகப் புரட்டி எண்ணினார். கடைசித் தாள் வந்ததும் திரும்ப முதலிலிருந்து எண்ணினார். என் பக்கம் தள்ளினார். நான் எண்ணினேன். பன்னிரண்டு இல்லை. பத்தும் இல்லை.

"கனகம்மா, சில மாசத்துல வட்டம் போட மறந்துட்டீங்களா?" என்றார் கபிரியேல் சார்.

கனகம்மா தரையைப் பார்த்தார். "மறக்கல."

"அப்ப?" என்றார் முசே.

"வரல."

"வரலியா? எனுக்கு ஏன் சொல்லல?"

"நீதான் நிறுத்திட்டன்னு நெனச்சன்."

முசே மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி மாட்டினார். "நான் நிறுத்துவனா உனக்கு?"

"உனக்கு அங்க இன்னா கஷ்டமோ. கேட்டா குத்திக் காட்டற மாதிரி இருக்கும். திரும்ப வந்துது, வாங்கிக்கினன்."

"வராத மாசம் இன்னா பண்ண?"

"பூக் கட்டினன். கோயில் கடைக்கு. மொழத்துக்கு இவ்ளோன்னு குடுத்தாங்க."

நான் செல்வத்தைக் கூப்பிட்டேன். வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மோட்டாரு எரிஞ்சி போச்சுண்ணா. மெக்கானிக்கு காயில் கட்டிக் குடுத்தான், திரும்ப எரிஞ்சிது. அப்பறம் ஆழமா போர் எறக்கினன். குடுத்துடலாம், குடுத்துடலாம்னு..."

"எனக்குச் சொல்றதுக்கு இன்னா?"

"நீ கேக்கவே இல்லியேண்ணா."

அது உண்மை. வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் பேசினோம். மழை கேட்டேன், நெல் கேட்டேன், மாட்டைக் கேட்டேன். பாகூரில் கொடுத்தாயா என்று கேட்டதில்லை. நான் அவனைக் கேட்கவில்லை, கனகம்மா அண்ணனைக் கேட்கவில்லை, முசே தங்கையைக் கேட்கவில்லை. ஆளுக்கு ஆள் மரியாதை.

"இப்பவே குடுத்துடறன்" என்றான் செல்வம். "இன்னிக்கே புரட்டியாறன். கணக்கு நேராயிடும்ல சார்?"

"அவங்களுக்கு நேராவும். இவருக்கு ஆவாது" என்றார் கபிரியேல் சார். "இப்ப குடுத்தா அது இந்த வருஷத்துக் கணக்கு. அவன் கேக்கறது அந்த வருஷம்."

முசே எழுந்துவிட்டார். "சார், பன்னெண்டுன்னே எழுதுங்க. இவன் பன்னெண்டு மாசமும் என் வூட்லதான படுத்தான்? நான் கண்ணால பாத்தவன். அது பொய்யா?"

"படுத்தத அவன் கேக்கல முசே. குடுத்ததக் கேக்கறான்."

"இவனுக்கும் எனுக்கும் தகராறு இல்ல. எனுக்கும் தங்கச்சிக்கும் தகராறு இல்ல. நடுவுல அவன் யாரு?"

கபிரியேல் சார் என்னைப் பார்த்தார். "நான் எழுதறவன். நீங்க சொல்றத எழுதுவன். காலண்டரும் கூடப் போவணும்னா வட்டமும் அதே மாதிரி இருக்கணும், அவ்ளோதான்."

"வட்டந்தான" என்றார் கனகம்மா. அலமாரியில் இருந்து நீலப் பேனாவை எடுத்தார். என் கையிலிருந்து காலண்டரை வாங்கி மடியில் வைத்தார். வட்டம் இல்லாத மாதத்தைத் தேடிப் புரட்டினார். "எந்தத் தேதின்னு சொல்லுப்பா. பொண்ணு படிக்கட்டும். வாங்கினன்னு கையெழுத்துப் போடறன், எனுக்கு இன்னா போவுது."

பேனா எழுதவில்லை. தாளின் ஓரத்தில் கிறுக்கிப் பார்த்தார். விரல் நுனிகளில் நார் அறுத்த கோடுகள் இருந்தன, வெள்ளையாக. பேனா எழுத ஆரம்பித்தது.

நாந்த் ஊரை நான் பார்த்ததில்லை. லெ மானிலிருந்து அதே ரயில் பாதையில் இன்னும் மேற்கே போக வேண்டும். லீனா அங்கே படித்தால் வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் நான் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

"வேணாம் அத்த" என்றேன். காலண்டரைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். பூக் கட்டிச் சாப்பிட்ட மாதத்துக்கு, பணம் வாங்கினேன் என்று அந்த அம்மாவிடம் கையெழுத்து வாங்க என்னால் ஆகாது.

"யோசிச்சிக்க" என்றார் முசே. "உன் பொண்ணு உன்னக் கேப்பா."

"கேக்கட்டும்."

செல்வம், "அண்ணா" என்றான். நான் திரும்பவில்லை.

கபிரியேல் சார் புதுத் தாள் எடுத்தார். கனகம்மாவின் பெயர், அப்பா பெயர், பாகூர் என்று பிரெஞ்சில் எழுதிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் நிறுத்தினார்.

"எத்தன மாசம்னு போட?"

காலண்டரை மடியில் வைத்து ஒரு முறை எண்ணினேன்.

ஏழு.